பேரேடு எவர் கையில்? ஹெய்த்தி தேசமும் நியூயார்க் பாங்கியும்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது பட்டணத்துப் படிப்பகத்தில் ஹெய்த்தி தேசத்தைப் பற்றிப் பேச்செழுந்தது. அத்தேசத்தின் தலைநகராகிய போர்ட்டோ பிரின்ஸில் ஆயுதந் தாங்கிய கும்பல்கள் வீதிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டுவிட்டு வந்த கனவான் ஒருவர், “இருநூறு வருஷத்துக்கு மேலாகச் சுதந்தரம் கையில் இருந்தும் என்ன பயன்? அந்தக் கறுப்பர்களுக்கு ஆளத் தெரியாது. கடன் வாங்கித் தின்றே அழிந்தார்கள்” என்று தீர்ப்புக் கூறினார். கூடியிருந்தோர் பலர் ஆமென்று தலையசைத்தனர். தலையசைத்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத்து லயத்திற் பிறந்தவர்கள் என்பதுதான் நம்மை அன்றிரவு உறங்கவொட்டாமற் செய்தது.

ஏனெனில் இதே வாக்கியத்தை நாம் முன்பும் கேட்டிருக்கின்றோம். ‘கூலிக்காரன் கையிலே காசு நில்லாது, குடித்தே அழிப்பான், கடன்பட்டே சாவான்’ என்று நம் பாட்டன்மாரைப் பற்றித் துரைமார் பேசினர். துரைமார் பேசியதைக் கேட்டு நம்மவரிற் சிலரும் அவ்வாறே பேசினர். கப்பலேறு முன்னரே கங்காணியிடம் முன்பணம் வாங்கி, கரையிறங்கும்போதே கடன்காரனாய் இறங்கியவன் அந்தப் பாட்டன். அவன் பட்ட கடனைப் பற்றி வாய் ஓயாமற் பேசினோர் எவரும், அக்கடன் எழுதப்பட்ட புத்தகம் எவர் பெட்டியிலே இருந்தது என்று கேட்டாரில்லை. ஹெய்த்தி விஷயத்தில் நாம் கேட்கப் போவது அந்த ஒரு கேள்வியைத்தான். தோட்டத்து ஆபீசில் கிராணியாயிருந்து பேரேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு வேறு கேள்வி தோன்றாதென்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஆங்கிலப் பள்ளிக்கூடத்திற் படித்த காலமெல்லாம் எந்தெந்த அரசன் எந்தெந்த அரசியை மணந்தான் என்பதை நெட்டுருப் போட்ட நாம், ஹெய்த்தி என்னும் பெயரை ஒரு பாடப் புத்தகத்திலும் கண்டோமில்லை. ஆதலால் முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கின்றது.

கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. அதன் மேற்குப் பாகம், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சான் தொமேங். ஐரோப்பாவின் மேசைகளுக்குச் சென்ற சர்க்கரையிலும் காப்பியிலும் பெரும்பங்கு அங்கிருந்தே சென்றது. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவினின்று பிடித்துக் கொணரப்பட்ட அடிமைகள், ஏறத்தாழ 5 லட்சம் பேர். 1791 ஆகஸ்டு மாதத்தில் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் தலைவராகிய துசேன் லுவர்த்தூர் வஞ்சனையாற் பிடிக்கப்பட்டு, 1803ல் பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டையொன்றில் சிறைவாசத்திலேயே மாண்டார். எனினும் நெப்போலியன் அனுப்பிய சேனை முறியடிக்கப்பட்டது. 1804 ஜனவரி 1ந் தேதி தெஸ்ஸாலின் என்னும் தளபதி சுதந்தரத்தைப் பிரகடனஞ் செய்தார். அடிமைகள் தாமே போராடித் தம் தளையை அறுத்து ஒரு தேசத்தை நிறுவியது உலக சரித்திரத்தில் அதுவே முதன்முறை.

அதற்கு உலகம் அளித்த வெகுமதி யாது? சுதந்தரம், சமத்துவம் என்று ஓயாது முழங்கிய அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1862 வரையில் அத்தேசத்தை ஒரு தேசமென்றே ஒப்புக்கொள்ளவில்லை. பிரான்சோ 1825ல் 14 போர்க்கப்பல்களை அனுப்பிற்று. பத்தாம் சார்ல்ஸ் மன்னரின் கட்டளை அக்கப்பல்களில் வந்தது. தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த பிரெஞ்சு முதலாளிகளுக்கு நஷ்டஈடாக ஹெய்த்தி ஐந்து தவணைகளில் 15 கோடி பிராங்கு கட்ட வேண்டும், கட்டினால் சுதந்தரத்தை அங்கீகரிப்போம் என்பதே அக்கட்டளை. இத்தொகையின் அளவை உணர ஓர் ஒப்பு வேண்டுமாயின், 1803ல் பிரான்சு லூயிசியானாப் பிரதேசம் முழுவதையும் அமெரிக்காவுக்கு விற்ற விலை 8 கோடி பிராங்குதான். ஒரு பெரும் நிலப்பரப்பின் விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கை ஒரு சிறு தீவின் பாதியிலுங் குறைந்த நாட்டின்மேல் சுமத்தினார்கள். சுமத்தப்பட்டவர்கள் யார்? அடிமைகளாயிருந்தவர்கள். பெற்றுக்கொண்டவர்கள் யார்? அவர்களை அடிமைகளாய் வைத்திருந்தவர்கள். சவுக்கடி பட்டவன் சவுக்குக்கு விலை கொடுத்த கதை இதைத் தவிர வேறெங்கேனும் உண்டோ?

இங்கேதான் பாங்கிக்காரன் மேடைக்கு வருகின்றான். முதல் தவணையாகிய 3 கோடி பிராங்கைக் கட்ட ஹெய்த்தியிடம் பணமில்லை. பாரிஸ் நகரத்துப் பாங்கியார், ‘கவலை வேண்டாம், நாங்கள் கடன் தருகின்றோம்’ என்றனர். 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக் கொண்டு, 60 லட்சத்தைத் தரகாகப் பிடித்துக் கொண்டு, 2 கோடியே 40 லட்சத்தையே கொடுத்தனர். கொடுத்த அப்பணமும் ஹெய்த்திக்குச் செல்லவில்லை, பிரெஞ்சு முதலாளிகளுக்கே சென்றது. குறைந்த பாக்கிக்குக் கஜானாவைத் துழாவ நேர்ந்தது. நஷ்டஈடு ஒரு கடன், அதைக் கட்ட வாங்கியது மற்றொரு கடன். சரித்திரக்காரர் இதனை இரட்டைக் கடன் என்பர். 1838ல் நஷ்டஈட்டுத் தொகை மொத்தம் 9 கோடியாகக் குறைக்கப்பட்டதென்பது மெய்தான். ஆனால் கழுத்திற் கட்டிய கல்லில் ஒரு மூலையை உடைத்துவிட்டு நீந்து என்றதற்கு அதை நன்றி பாராட்ட முடியுமோ?

இவ்வளவையும் கட்டியவன் யாரென்பதைத் தோட்டத்து வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். பட்டணத்து மாளிகைக்காரன் கட்டவில்லை. ஹெய்த்தியின் அரசாங்க வருமானத்தில் பெரும்பாகம் சுங்க வரி, அச்சுங்க வரியில் பெரும்பாகம் ஏற்றுமதியாகும் காப்பிக்கு விதித்த வரி. மலைச்சரிவில் அரை ஏக்கர் நிலத்திலே காப்பிச் செடி வைத்து, பழம் பறித்து, காயவைத்து, கழுதை முதுகிலேற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிய குடியானவன்தான் அவ்வரியை விலைக்குறைவின் மூலமாகச் சுமந்தான். அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, மனைவிக்கு வைத்தியசாலை இல்லை. அவன் பறித்த காப்பியின் வரிப்பணம் கப்பலேறிப் பாரிஸ் சென்றது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1875ல் மீண்டும் ஒரு கடன். பாரிஸிலுள்ள கிரெதி இந்துஸ்திரியேல் எ கொமர்சியால் என்னும் பாங்கி 3 கோடியே 60 லட்சம் பிராங்குக்குப் பத்திரம் எழுதி, அதில் நூற்றுக்கு 40 வீதத்தை முதலிலேயே கழித்துக் கொண்டது. அதே பாங்கிதான் பிற்பாடு பாரிஸின் ஐபெல் கோபுரத்துக்கும் பணம் உதவிற்று. உல்லாசப் பிரயாணஞ் செல்லும் நம்மவர் அக்கோபுரத்தின் கீழ் நின்று படம் பிடித்துக் கொள்ளும்போது இதையும் ஒரு கணம் நினைத்துக் கொள்ளலாம். அதோடு விட்டதோ? 1880ல் ‘ஹெய்த்தித் தேசீய பாங்கி’ என்று ஒன்றை அதே பாங்கி நிறுவிற்று. பெயர்தான் தேசீயம். அதன் நிர்வாக சபை கூடியது பாரிஸில். ஹெய்த்தி அரசாங்கத்தின் வருமானம் முழுவதும் அப்பாங்கியிற் கட்டப்பட வேண்டும், கட்டும்போதும் தரகு, எடுக்கும்போதும் தரகு. நோட்டு அச்சிடும் உரிமையும் அதற்கே. ஒரு தேசத்தின் கஜானாச் சாவியைக் கடன் கொடுத்தவனே இடுப்பிற் செருகிக் கொண்ட பிறகு, அத்தேசம் ‘கடன் வாங்கித் தின்றது’ என்று சொல்வதற்கு நா எங்ஙனம் எழும்?

நிற்க. இனி நியூயார்க் பாங்கியின் சரித்திரம்.

1812ல் தொடங்கி, நேஷனல் சிட்டி பாங்கி என்னும் பெயருடன் வளர்ந்து, 1976 முதல் சிட்டிபாங்க் என்று வழங்கும் நிறுவனத்தைப் பற்றியே பேசுகின்றோம். 1910ல் ஹெய்த்தியின் தேசீய பாங்கி புதிதாக அமைக்கப்பட்டபோது, அமெரிக்க அரசாங்கத்தின் தூண்டுதலால் அதில் நியூயார்க் பாங்கிகளுக்கும் பங்கு கிடைத்தது. அவற்றுள் முதன்மையானது நேஷனல் சிட்டி. அதன் உபதலைவராகிய ராஜர் பார்ன்ஹாம், ஹெய்த்தியிலே இரும்புப்பாதை போடும் கம்பெனிக்கும் தலைவரானார். அதே மனிதரிடந்தான் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஹெய்த்தி நிலைமையைக் கேட்டறிந்தார். வழக்கிலே வாதியும் அவரே, சாட்சியும் அவரே, நீதிபதியின் காதோரம் இருந்து யோசனை சொல்பவரும் அவரே.

புதிய பாங்கியின் ஒப்பந்தத்திலிருந்த சூட்சுமத்தைப் பாருங்கள். அரசாங்கத்தின் வருமானம் பாங்கியிற் சேரும், ஆனால் வருஷக் கணக்கு முடியும் வரை அரசாங்கம் அதைத் தன்னிஷ்டப்படி எடுக்க முடியாது. இடையில் மாதச் சம்பளத்துக்கும் செலவுக்கும் பாங்கியே ‘முன்பணம்’ கொடுக்கும். தன் பணத்தைத் தானே முன்பணமாக வாங்கிப் பிழைக்கும் நிலைமை! 1914ல் அம்மாதாந்த முன்பணத்தைப் பாங்கியார் நிறுத்தினர். சம்பளமில்லாத அரசாங்கம் எத்தனை நாள் நிற்கும்? 1911க்கும் 1915க்கும் இடையில் ஜனாதிபதிகள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தனர் என்பதை ஹெய்த்தியரின் அயோக்கியதைக்குச் சான்றாகக் காட்டுவோர், அவ்விழுச்சிகளுள் கடைசியானவற்றுக்குப் பணப்பெட்டியை அடைத்தவனுடைய பங்கு யாதென்று காட்டுவதில்லை.

1914 டிசம்பர் 17ந் தேதி நடந்ததோ எந்தத் துப்பறியும் கதையையும் வெல்லும். மாச்சியஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் போர்ட்டோ பிரின்ஸ் துறைமுகத்திலே நின்றது. அதிலிருந்து எட்டு கடற்படை வீரர்கள் இறங்கித் தேசீய பாங்கிக்குச் சென்றனர். 5 லட்சம் டாலர் மதிப்புள்ள பொன்னை மரப்பெட்டிகளில் வண்டியேற்றிக் கப்பலுக்குக் கொண்டு போயினர். சில தினங்களுக்குள் அப்பொன் நியூயார்க்கின் வால் தெருவில் ஒரு பாங்கியின் நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஹெய்த்தியின் நாணயத்தைச் சீர்திருத்துவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பொன் அது. ஹெய்த்தி அரசாங்கம் இது திருட்டென்று ஆட்சேபித்தது. பாங்கியின் பொன்னைப் பாங்கி பத்திரப்படுத்திக் கொண்டது, கலகக் காலத்தில் வேறென் செய்வது என்பது மறுமொழி. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்காமற் சொல்லி விட்டோம். இனி நாம் ஒன்று கேட்கின்றோம்: தனியார் பாங்கி ஒன்று தன் உடைமையென்று கருதும் பெட்டிகளை எடுத்துச் செல்லப் போர்க்கப்பலும் துப்பாக்கி வீரரும் ஏன் வந்தனர்? பாங்கியின் பெட்டியையும் அரசாங்கத்தின் பீரங்கியையும் இணைத்த கயிறு எது? அந்தக் கயிற்றைத்தான் இக்கட்டுரை முழுவதும் தொட்டுக் காட்ட முயல்கின்றோம்.

ஏழு மாதஞ் சென்றது. ஜனாதிபதி வில்ப்ரன் கில்லோம் சாம் ஆட்சியிலே அரசியற் கைதிகள் ஒன்றரை நூற்றுக்கு மேற்பட்டோர் சிறையிற் கொன்று குவிக்கப்பட்டனர். வெகுண்டெழுந்த ஜனங்கள் அவரை இழுத்துக் கொன்றனர். அக்கொடுமையை நாம் பூசி மெழுகவில்லை. அதே நாளில், அதாவது 1915 ஜூலை 28ந் தேதி, அமெரிக்க வீரர்கள் கரையிறங்கினர். அமைதியை நிலைநாட்ட வந்தோம் என்றனர். வந்தவர்கள் 19 வருஷம் இருந்தனர்.

அவ்வருஷமே கையெழுத்தான உடன்படிக்கையைக் கிராணிமார்கள் கூர்ந்து படிக்க வேண்டும், ஏனெனில் அதன் சாரம் செலவு வரிசையொன்றில் அடங்கியிருக்கின்றது. சுங்க வருமானத்தை அமெரிக்கர் நியமிக்கும் அதிகாரி வசூலிப்பார். வசூலான பணம் முதலாவது அவ்வதிகாரிகளின் சம்பளத்துக்கும் செலவுக்கும், இரண்டாவது கடனின் வட்டிக்கும் முதலுக்கும், மூன்றாவது அமெரிக்கர் அமைத்த போலீஸ் படைக்கும் செல்லும். மிச்சம் ஏதேனும் இருந்தால் ஹெய்த்தி அரசாங்கத்துக்கு. எந்தத் தோட்டத்துச் சம்பளப் பட்டியலிலும் பிடித்தம் இவ்வரிசையில்தான் எழுதப்படும் என்பது நமக்குத் தெரியும். முதலில் எழுதுகிறவன் தனக்கு எழுதிக் கொள்கின்றான், அடுத்துக் கடன்காரனுக்கு, அடுத்துக் காவற்காரனுக்கு. மண்ணைக் கொத்தியவன் பெயர் அடியில் வரும். சில வருஷங்களில், ஏறக்குறைய 20 லட்சம் ஜனங்களின் சுகாதாரத்துக்குச் செலவிட்டதைக் காட்டிலும், அந்நிதி அதிகாரிகளின் சம்பளத்துக்கும் செலவுக்கும் ஆன தொகை அதிகமாயிருந்ததாம். வரிசை அப்படி இருக்கையில் கணக்கு வேறெப்படி முடியும்?

இணங்காதவர்களை இணங்க வைத்த விதமும் கேட்கத் தக்கது. 1920ல் தேசீய பாங்கிக்குச் சாதகமான சில நிபந்தனைகளை ஹெய்த்தியின் ஜனாதிபதியும் மந்திரிமாரும் ஒப்புக்கொள்ளத் தயங்கினர். உடனே நிதி ஆலோசகராயிருந்த ஜான் மக்கில்லென்னி என்பார் அவர்களுடைய சம்பளத்தை நிறுத்தி வைத்தார். ஆம், ஒரு தேசத்து ஜனாதிபதியின் மாதச் சம்பளத்தை! (இவர், டபாஸ்கோ என்னும் மிளகாய்ச் சாற்றைப் புட்டியில் அடைத்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தேசங்களின் நிதியை நிர்வகிக்க எத்தகைய யோக்கியதை போதுமென்று கருதினார்களோ நாமறியோம்.) நம் தோட்டங்களிலே முன்னாளில் வாயாடும் தொழிலாளிக்குப் பெயர் விட்டுப் போகும், அதாவது அன்றைய பெயர் செக்ரோலில் விழாது. ஜனாதிபதிக்கே பெயர் விட்டுப் போயிற்று என்றால் காப்பி பறித்தவன் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

1917ல் ஹெய்த்தியின் சட்டசபை கலைக்கப்பட்டது. 1918ல் நிறைவேறிய புதிய அரசியலமைப்பில், அந்நியர் நிலம் வாங்கக் கூடாதென்று தெஸ்ஸாலின் காலந்தொட்டு இருந்து வந்த தடை எடுபட்டது. தேர்தலால் அமைந்த சட்டசபையே இல்லாத அக்காலத்தில், 1922ல், நூற்றுக்கு 6 வட்டியில் 1 கோடியே 60 லட்சம் டாலர் கடன் எழுதப்பட்டது. பத்திரங்களை எடுத்தது நேஷனல் சிட்டியின் துணைக் கம்பெனி. முகமதிப்பு நூறுக்கு அது கொடுத்தது ஏறத்தாழ 92. இக்கடன் எதற்கு? பெரும்பாலும் பழைய பிரெஞ்சுக் கடன்களை அடைப்பதற்கு. பாரிஸ் கடன்காரனை அனுப்பிவிட்டு நியூயார்க் கடன்காரன் நாற்காலியில் உட்கார்ந்தான், அவ்வளவே. அதே சமயத்தில், 1920களின் தொடக்கத்தில், தேசீய பாங்கியின் பங்குகள் முழுவதையும் நேஷனல் சிட்டியே வாங்கி விட்டது. கடன் கொடுத்தவனும் அவன், கடன்பட்டவனுடைய பணம் இருக்கும் பெட்டியும் அவனுடையது, வரவு செலவு எழுதும் பேரேடும் அவனுடையது. ஒரு பத்து வருஷ காலத்தில் ஹெய்த்தியின் வருமானத்தில் நாலிலொரு பங்கு, இப்பாங்கியின் ஆதிக்கத்திலிருந்த கடன்களுக்கே போயிற்று.

‘ஆயினும் அமெரிக்கர் சாலை போட்டனர், வைத்தியசாலை கட்டினர், தொலைபேசி வைத்தனர்’ என்று சிலர் கூறுவர். சாலை போட்டது மெய். எப்படிப் போட்டனர்? 1864ம் வருஷத்துப் பழைய சட்டமொன்றைத் தூசி தட்டியெடுத்து, குடியானவர்களைக் கயிற்றிற் கட்டி இழுத்து வந்து, கூலியின்றி வேலை வாங்கிப் போட்டனர். அடிமைத்தளையை அறுத்த ஜனங்களின் பேரப் பிள்ளைகள் மறுபடியும் கயிற்றைக் கண்டபோது கிளர்ந்தெழுந்ததில் வியப்பென்ன? காக்கோ எனப்பட்ட அக்கிளர்ச்சிக்காரரின் தலைவர் சார்லமேன் பெரால்த் 1919ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சடலத்தைக் கதவொன்றிற் சார்த்திக் கட்டிப் படமெடுத்து நாடெங்கும் பரப்பினர். பயமுறுத்துவதற்காகப் பரப்பிய அப்படம், சிலுவையில் அறையுண்டவரைப் போல் இருக்கின்றதென்று ஜனங்கள் அதை வணங்கத் தொடங்கினர். 1929 டிசம்பரில் லேகாய் என்னும் ஊரில் ஊர்வலமாகச் சென்ற குடியானவர்மீது வீரர்கள் சுட்டனர், குறைந்தது 12 பேர் மாண்டனர். சாலையின் நீளத்தை மைல் கணக்கில் எழுதுகிறவர்கள் இவற்றை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

பாங்கிக்காகத்தான் படை சென்றது என்பது மிகைப்படுத்திய கூற்று, ஜெர்மானியர் அத்தீவிலே கால் வைத்துவிடுவர் என்ற அச்சமும் பனாமாக் கால்வாயைக் காக்கும் நோக்கமும் இருந்தன என்று கற்றோர் சிலர் வாதிப்பர். இருந்தன என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் ஜெர்மானியப் பூச்சாண்டியை வாஷிங்டனில் மெனக்கெட்டு எழுப்பியவர்களுள் முதல்வர் மேற்சொன்ன பார்ன்ஹாமே அல்லவா? நம் வார்த்தையை நம்ப வேண்டாம். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1920ல் ஹெய்த்திக்கு நேரிற் சென்று விசாரித்து, அத்தேசத்து விவகாரத்தை விளங்கிக் கொள்ள விரும்புவோர் நேஷனல் சிட்டி பாங்கியின் தொடர்பை முதலில் அறிய வேண்டுமென்று எழுதினார். அவர் எதிர்க்கட்சிக்காரர் என்று தள்ளுவீர்களாயின், ஸ்மெட்லி பட்லரைக் கேளுங்கள். 1915ல் ஹெய்த்தியிற் போரிட்டு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர், அங்கே அமைக்கப்பட்ட போலீஸ் படையின் முதல் தளபதி. அவர் ஓய்வு பெற்றபின் 1935ல், நேஷனல் சிட்டி பாங்கிக்காரர் வசதியாக வருமானம் வசூலிப்பதற்கு ஹெய்த்தியையும் கியூபாவையும் பதப்படுத்திக் கொடுத்தவர்களில் தாமும் ஒருவர் என்று வெளிப்படையாக எழுதினார். துப்பாக்கி பிடித்த கையே எழுதிய வாக்குமூலத்துக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

1934 ஆகஸ்டில் வீரர்கள் கப்பலேறினர். மறுவருஷம் தேசீய பாங்கியை ஹெய்த்தி 10 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கிற்று, தன் பெயரிலிருந்த பாங்கியைத் தானே! அப்பொழுதும் நிதி நிர்வாகத்தில் அமெரிக்கர் பிடி தளரவில்லை. 1922ம் வருஷத்துக் கடன் அடைந்து அப்பிடி நீங்கியது 1947ல். 1825லிருந்து எண்ணினால் 122 வருஷம்.

இதன் பிறகு ஹெய்த்தியை ஆண்ட ஹெய்த்தியரே அதைச் சூறையாடவில்லையா? சூறையாடினர். 1957 முதல் 1986 வரை துவாலியே என்னும் தகப்பனும் மகனும் செய்த அட்டூழியத்தை எழுத இவ்விதழ் முழுவதும் போதாது. 1875ம் வருஷத்துக் கடனிலும் கையூட்டு வாங்கிய ஹெய்த்திய உத்தியோகஸ்தர் இருந்தனர். கங்காணியும் நம்மினத்தான்தான் என்பதை மறந்தோமா? மேலே துரையும் பாங்கியும் இருக்கும் இடத்தில் கீழே ஒரு கங்காணி முளைப்பது இயல்பு. கங்காணியைத் திட்டுவோம், அவசியம் திட்டுவோம். ஆனால் கங்காணியைத் திட்டிவிட்டுப் பேரேட்டை மூடி வைக்கும் வழக்கம் எவருக்கு இலாபம் என்பதையும் யோசிப்போம்.

‘அமெரிக்காக் கண்டத்து விவகாரம், மலாயாத் தமிழனுக்கு என்ன?’ என்று கேட்போருக்கு ஒன்று சொல்கின்றோம். 1902ல் சிங்கப்பூரில் இன்டர்நேஷனல் பாங்கிங் கார்ப்பரேஷன் என்றொரு அமெரிக்க பாங்கி கிளை திறந்தது. அதை நேஷனல் சிட்டி தன் ஆதிக்கத்தில் கொண்டுவந்தது 1915ல். ஹெய்த்தியில் படை இறங்கிய அதே வருஷம்! இரண்டுக்கும் காரண காரிய சம்பந்தம் இருந்ததென்று நாம் கூறவில்லை. உலகெங்கும் கை நீட்டிய ஒரே ஸ்தாபனத்தின் இரண்டு விரல்கள் என்று மட்டுமே காட்டுகின்றோம். மலேசியாவில் அப்பாங்கி நடத்தி வந்த சில்லறைக் கணக்கு வியாபாரம் 2022 நவம்பரில் வேறொரு பாங்கிக்குக் கைமாறும் வரையில், நம் பட்டணத்து உத்தியோகஸ்தர் பலரின் சட்டைப்பையில் அதன் கடன் அட்டை இருந்தது. நம் பையிலும் ஒன்று இருந்தது. அதன் பின்புறத்திலே பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் நாம் படித்ததில்லை, ஆங்கிலம் படித்தவர்களாயிருந்தும்.

இன்னும் அருகில் வருவோம். இப்பொழுது நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, குலை வெட்டுவோரிற் பெரும்பாலோர் வங்காள தேசத்தவர். அவர்களில் ஓர் இளைஞர், சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதில் எனக்கு எவ்வளவு?’ என்று நம்மிடம் கேட்டார். ஊரில் ஏஜெண்டு ஒருவனுக்கு அவர் எழுதிக் கொடுத்த கடன், இங்கே இரண்டு வருஷச் சம்பளத்துக்குச் சமம். எவ்வளவு அடைந்தது, எவ்வளவு பாக்கி என்பது ஏஜெண்டுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. நம் பாட்டனார் கையிலும் ஒரு காகிதம் இருந்ததில்லை. அன்று அந்த இளைஞருக்குத் துண்டிலுள்ள ஒவ்வொரு பத்தியையும் வாசித்துக் காட்டினோம், பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவரையே எழுதச் செய்தோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில், எவரும் கேட்டாலன்றி நாமாக வாசித்துக் காட்டியதில்லை என்ற வெட்கத்தோடு சொல்கின்றோம். நியூயார்க் பாங்கியின் பேரேட்டிலும் பார்ன்ஹாம் தம் கையால் எண்களை எழுதியிருக்கமாட்டார். நம்மைப்போல் மாதச் சம்பளம் வாங்கும் கிராணி ஒருவன், கூட்டல் கழித்தல் பிசகாமல், அழகான கையெழுத்தில் எழுதியிருப்பான்.

ஹெய்த்தியரோ பேரேட்டைத் திறந்து காட்டும்படி கேட்டதுண்டு. 2003 ஏப்ரல் 7ந் தேதி, துசேன் லுவர்த்தூர் சிறையில் மாண்ட இருநூறாவது ஆண்டு நினைவு நாளில், ஜனாதிபதி ஜான் பெர்த்ரான் அரிஸ்தீத், பிரான்சு 2,168 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரவேண்டுமென்று கோரினார். சதக் கணக்கு வரை எழுதி அத்தொகையை வெளியிட்டார். கேலி செய்தார்கள். மறுவருஷம் பிப்ரவரியில் அவர் பதவியிழந்து தேசத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். 2022 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை பழைய கணக்குகளை வருஷ வாரியாகத் தேடிக் கூட்டிப் பார்த்து, பிரெஞ்சு நஷ்டஈட்டுக்கும் அதற்காக வாங்கிய முதற் கடனுக்குமாக ஹெய்த்தி கட்டியது 11 கோடியே 20 லட்சம் பிராங்கு, இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 56 கோடி டாலர் என்று வெளியிட்டது. அப்போது கேலி செய்தவர் குரலைக் காணோம்.

2025 ஏப்ரல் 17ந் தேதி, பத்தாம் சார்ல்ஸின் கட்டளைக்கு இருநூறு வருஷம் நிறைந்த அன்று, பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் இரு தேசத்துச் சரித்திரக்காரரையும் கொண்ட ஆணைக்குழு ஒன்றை அறிவித்தார். 1825ம் வருஷத்து நஷ்டஈட்டையும் அதன் விளைவுகளையும் அது ஆராயும். படிப்பகத்துக் கனவானிடம் இச்செய்தியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அது பிரெஞ்சுக்காரன் கணக்கு. அந்த மரப்பெட்டிக் கணக்கை எந்தக் குழு பார்க்கிறது?” என்று வினவினார். நமக்கு விடை தெரியவில்லை. மேசைமீதிருந்த உலகப் படத்தை விரித்து, ஹெய்த்தி எங்கே இருக்கின்றதென்று காட்டச் சொன்னார். காட்டினோம்.